புதுப்பிப்பு: இரண்டாவது லென்ஸ், 85 எடுத்தாச்சு

சோனி ஏ7 மார்க் 3 கேமராவில் டாம்ரான் 28-75 லென்ஸ் மட்டும் இருக்கிறது, அடுத்து டாம்ரான் 70-180 எஃப் 2.8 ஜூம் வாங்கவா, ஜூம் இல்லாத சோனி 85 எஃப் 1.8 வாங்கவா என்று முன்பு கேட்டிருந்தேன். உங்களில் பலர் ஜூம் பக்கம்தான் நின்றீர்கள். நான் 85-ஐ வாங்கிவிட்டேன். செகண்ட் ஹேண்டுதான், டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை இல்லை என்று பார்த்த பிறகே பணம் கொடுத்தேன்.

தீர்மானித்தது தெருக்கூத்து. ராத்திரி, ஒன்றிரண்டு விளக்கு வெளிச்சத்தில் வேஷக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் கீழே போனால் கிரீடம் கலங்கிவிடும். கேமரா பாடிக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் நம் கை நடுக்கத்துக்குத்தான் உதவும், அவர் சுற்றுவதற்கு அல்ல. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் வாங்கும்; எஃப் 2.8-இல் ஐஎஸ்ஓ (சென்சாரின் உணர்திறன், கூடினால் படத்தில் புள்ளி விழும்) 6400 கேட்கிற இடத்தில் 1.8-க்கு 2500 போதும். அரிதாரத்துச் சிவப்பு புள்ளி புள்ளியாகச் சிதறாமல் நிற்கிறது.

எடை 371 கிராம். முதல் பதிப்பு 70-180 என்றால் 810. விடிய விடியக் கழுத்தில் தொங்கவேண்டிய சாமான், சும்மாவா? ஃபில்டர் அளவு எல்லாவற்றுக்கும் 67 மி.மீ., அந்தச் செலவு மிச்சம்.

குறை இல்லாமல் இல்லை. 1.8-இல் கிரீடத்துக் கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தில் ஊதா விளிம்பு விழுகிறது; லைட்ரூமில் சரிசெய்துவிடலாம். 80 செ.மீ.-க்குள் ஃபோகஸ் ஆகாது, அதனால் வேஷம் கட்டும் இடத்தில் மை தீட்டுவதை நெருங்கி எடுக்க 28-75தான்.

அப்புறம், சபாவில் பின்வரிசையில் உட்கார்ந்து எடுப்பவர்கள் என்னைப் பார்த்து 85 வாங்கவேண்டாம். எட்டாது.