ஓக் சட்ட வீடு: கரிபிடித்த கைமரம், உளுத்த அடிச்சட்டம்

கேள்வி
தென்கிழக்கு இங்கிலாந்தில் கென்ட், வீல்ட் பகுதியில் ஒரு பண்ணை வீடு. நாலங்கண (தூண்களுக்கு இடையே நாலு பகுதி) ஓக் சட்டக்கட்டு, பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் கிரேடு 2 பட்டியலில் உள்ளது. பட்டியல் குறிப்பு 17ஆம் நூற்றாண்டு என்கிறது. ஆனால் கூரைக்குள் ஏறிப் பார்த்தால் நடு இரண்டு அங்கணத்துக் கைமரங்கள் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கின்றன. இரு கோடியிலும் மரம் தன் நிறத்திலேயே உள்ளது. எதை நம்புவது?

இன்னொன்று: மேற்குச் சுவரில் சட்டங்களுக்கு நடுவே சிமெண்ட் பூச்சு. அங்கே அடிச்சட்டத்தில் (சுவரின் அடியில் படுத்திருக்கும் மரம்) ஸ்க்ரூடிரைவர் 30 மி.மீ. இறங்குகிறது. முழுசாக மாற்ற வேண்டுமா?

பதில்: முகட்டுப்பூனை
கூரையை நம்புங்கள். நடு அங்கணம் இரண்டும் முகடுவரை திறந்த கூடமாக இருந்திருக்கும். தரை நடுவில் அடுப்பு, புகைபோக்கி கிடையாது. புகை கூரை இடுக்கு வழியாகத்தான் வெளியேறும், கைமரம் கறுத்தது அதனால்தான். 16ஆம் நூற்றாண்டில்தான் இத்தகைய கூடங்களில் பரவலாகச் செங்கல் புகைபோக்கியைச் செருகி மேல்தளம் போட்டார்கள், ஆகவே வீடு 17ஆம் நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்கும். குறிப்பு எழுதியவர் வெளித்தோற்றத்தை மட்டும் பார்த்திருக்கலாம்.

ஆனால் ஒன்று: புகைக்கரி மரமுளைத் தலை மேலும் இணைப்பின் விளிம்பிலும் ஒரே சீராகப் படிந்திருக்கிறதா பாருங்கள். இணைப்புக்கு உள்ளேயும் கரி இருந்தால், அது வேறு வீட்டிலிருந்து பிரித்து வந்த மரம். கூடத்தைக் கோடி அங்கணத்திலிருந்து பிரிக்கும் தடுப்பின் கூடம் பார்த்த முகம் கறுத்து, மறுமுகம் சுத்தமாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

வருஷம் தெரிய மரவளையக் கணிப்புத்தான் வழி. வைரத்துக்கு (மரத்தின் கெட்டியான நடுப்பகுதி) வெளியே உள்ள வெண்மரமும் பட்டை விளிம்பும் கிடைத்தால் வெட்டிய ஆண்டே வரும். ஓக்கைப் பச்சையாகவே இழைத்ததால் கட்டிய ஆண்டும் அதை ஒட்டியே இருக்கும். வேகமாக வளர்ந்த மரத்தில் வளையம் போதாமல் கணிப்பு தோற்பதும் உண்டு. வீடு முழுக்க ஒரே வயது என்றும் நினைக்காதீர்கள். கென்டின் சிடிங்ஸ்டோனிலிருந்து பிரித்து, பழைய கட்டடங்களுக்கான சிங்கிள்டன் அருங்காட்சியகத்தில் நிறுத்திய பேலீஃப் பண்ணை வீட்டில் கூடம் 15ஆம் நூற்றாண்டின் தொடக்கம், மேல்கோடி அங்கணம் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

பதில்: சுண்ணாம்புக்கூழ்
அடிச்சட்டத்தைத் தொடுவதற்கு முன் ஈரம் வரும் வழியை நிறுத்துங்கள். ஓக் ஈரத்தோடு அசையும், சிமெண்ட் கூடவே அசையாது. இரண்டுக்கும் நடுவே மயிரிழை விரிசல் விழும். மழை உள்ளே போகும், திரும்ப வராது, வரிச்சு (பூச்சுக்குள் பின்னிய குச்சிகள்) வழியாக இறங்கி அடிச்சட்டத்தில் தேங்கும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் உளுப்பும், பின்னாலேயே மரத்தைக் குடையும் டெத்வாட்ச் வண்டும் வரும். விரிசலில் சீலன்ட் அடைப்பது இதைவிட மோசம். வெளியே மண்மட்டம் அடிச்சட்டம்வரை ஏறியிருந்தால் 150 மி.மீ. கீழே இறக்குங்கள்.

சிமெண்டை மின்சுத்தியல் வைத்துப் பெயர்க்காதீர்கள், அதிர்வில் பின்னாலுள்ள பழைய மண்பூச்சு உதிர்ந்துவிடும். நடுவில் தொடங்கி உளியால் விளிம்பை நோக்கி வாருங்கள். உதிர்ந்த மண்ணை எறியவும் வேண்டாம்: ஒரு ராத்திரி ஊறவைத்து, நறுக்கிய வைக்கோல் கலந்து மிதித்தால் அதே மண் மறுபடி அப்பலாம். காயும்போது ஓரம் விலகும். அதைச் சுண்ணாம்பும் மயிரும் கலந்த சாந்தால் நிரப்பி, முடிப்புப் பூச்சு சட்ட முகத்தைத் தாண்டாமல் பாருங்கள். மேலே தண்ணீராகக் கரைத்த சுண்ணாம்பு 4 அல்லது 5 பூச்சு. 5 டிகிரிக்குக் கீழே குளிர் இறங்கும் காலத்தில் வேண்டாம்.

30 மி.மீ. பற்றி: மெத்தென்றிருப்பது வெண்மரம் மட்டும்தானா, அடியில் வைரம் கெட்டியா என்று பல இடத்தில் குத்திப் பாருங்கள். கெட்டியென்றால் விட்டுவிடுங்கள். இல்லையென்றால் தூணுக்கு முட்டுக்கொடுத்து, கெட்ட துண்டை மட்டும் வெட்டி, சாய்வுப் பொருத்தில் புது ஓக் சேர்க்கலாம். போல்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும், ஓக்கின் டானின் (மரத்திலுள்ள துவர்ப்புப் பொருள்) சாதா இரும்பை அரித்துவிடும்.

பதில்: முகட்டுப்பூனை
எதையும் வெட்டுமுன் கவுன்சிலின் பழங்கட்டடப் பாதுகாப்பு அலுவலரிடம் பேசுங்கள். பட்டியல் கட்டடங்களுக்கான 1990 சட்டப்படி அனுமதியில்லாமல் பட்டியல் கட்டடத்தின் தன்மையை மாற்றுவது குற்றவழக்கு.

கூடத்தின் சுவர் உத்தரத்து அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். வரிசையாகச் சாய்சதுரக் குழிகள் இருந்தால், கண்ணாடி இல்லாத காலத்து ஜன்னல் கம்புகள் நின்ற இடம். "கப்பல் மரம்" (பழைய கப்பலை உடைத்து எடுத்தது) என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். வெறுங்குழியைக் கண்டாலே அப்படித்தான் சொல்வார்கள்.