அப்பத்தாவின் டிரங்குப் பெட்டி: குடும்ப வரலாற்றை எங்கிருந்து தொகுக்கத் தொடங்குவது?

வைகைக்கரை (கேள்வி)

சிவகங்கைப் பக்கத்துக் குடும்பம். அப்பத்தாவுக்கு 86 வயது. நினைவு தெளிவு, காது மட்டும் மந்தம். அவர் பொறுப்பில் ஒரு டிரங்குப் பெட்டி இருக்கிறது. கிரயப் பத்திரங்கள், ஒரு கட்டு ஓலை, பினாங்கிலிருந்து வந்த கடிதங்கள், நாலைந்து மொய் நோட்டு, சட்டம் போட்ட ஸ்டூடியோ படங்கள், துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட்டுகள் எல்லாம் அதில்தான். உறவினர்கள் மலேசியாவிலும் கனடாவிலும் சிதறியிருக்கிறார்கள், பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராது. எதை முதலில் செய்வது, எப்படிப் பாதுகாப்பது, முப்பது வருடம் கழித்தும் திறந்து பார்க்கும்படி எல்லோருக்கும் எப்படிக் கொடுப்பது? செய்து பார்த்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

செவிவழி

பெட்டியை இப்போதைக்கு மூடி வையுங்கள். அதில் இருப்பவை இன்னும் சில வருடம் தாங்கும். முதல் வேலை அப்பத்தாவின் குரல். அவர் சொல்லாமல் அந்தப் படங்களில் இருப்பவர்கள் யாரென்று யாருக்கும் தெரியாது.

தனிக் கருவி வேண்டாம், கைப்பேசியே போதும். ஆனால் ஒலிப்பதிவுச் செயலியில் வேவ் வடிவம், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி ஆகும். விமானப் பயன்முறையில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பல செயலிகளில் பதிவு நின்றுவிடும். கைப்பேசியை மடித்த துண்டின் மேல், வாயிலிருந்து ஒன்றரைச் சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறிக் காற்று மைக்கில் அடித்தால் வரும் உறுமலைப் பிறகு எந்த மென்பொருளாலும் சுத்தமாக எடுக்க முடியாது. விசிறி தேவைப்படாத காலை நேரம்தான் சரி.

காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். நன்றாகக் கேட்கும் காதுப் பக்கம் உட்கார்ந்து, கீச்சென்று உயராத தாழ்ந்த தொனியில், தெளிவாக, நிறுத்தி நிறுத்திக் கேளுங்கள். ஒரு அமர்வு முக்கால் மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுபவர், கேட்பவர் நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறினாலும் அது உள்ளேயே இருக்கும்.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பதில் வராது, வந்தாலும் தப்பாக இருக்கும். ஊரறிந்த நிகழ்ச்சியோடு முடிச்சுப் போட்டுக் கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரல். தனுஷ்கோடியைக் கடல் கொண்டது 1964 டிசம்பர். எம்.ஜி.ஆர். சுடப்பட்டது 1967 ஜனவரி. "நயா பைசா வந்தப்ப பெரிய அத்தை இடுப்புப் பிள்ளையா, பள்ளிக்கூடம் போய்க்கிட்டிருந்தாங்களா?" என்று கேட்டால் ஒன்றிரண்டு வருடத்துக்குள் பிடித்துவிடலாம்.

பெரும்பாலான குடும்ப வரலாறுகள் பங்காளி வழியோடு நின்றுவிடுகின்றன. அப்பத்தா பிறந்த வீடு, அவருடைய அம்மா பிறந்த வீடு, பெண் எடுத்த ஊர், பெண் கொடுத்த ஊர் என்று அந்தப் பக்கத்தைத் தனி அமர்வாகவே வையுங்கள். அது வேறு எந்தக் காகிதத்திலும் முழுமையாகக் கிடைக்காது.

எழுத்தில் பெயர்க்கும்போது பேச்சைத் திருத்தாதீர்கள். "வந்தாக, போனாக" என்றால் அப்படியே எழுதுங்கள்.

தாள்காப்பு

குரல் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பெட்டிக்கு ஒரு காரியம் இன்றே செய்ய வேண்டும். பரணில் இருந்தால் இறக்கி, தரையிலிருந்து தூக்கி, பலகை மேல் வையுங்கள். மொட்டைமாடிக்கு அடியில் உள்ள பரணின் சூடும் இரும்பு வியர்ப்பதும்தான் கறையானுக்கு அடுத்த பெரிய எதிரி. உள்ளே துவைத்து உலர்த்திய காடாத் துணி (வெளுக்காத பருத்தித் துணி) விரியுங்கள். வசம்பைத் துணியில் முடிந்து மூலையில் போடலாம். நாப்தலீன் உருண்டையைப் படங்களோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்த்து வைக்காதீர்கள்.

பத்திரங்களை லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது, உள்ளே தாள் புளித்துப் பழுத்துக்கொண்டே இருக்கும். செல்லோ டேப்பும் அப்படித்தான், பசை மஞ்சளாகித் தாளில் இறங்கிவிடும். மடிப்பில் கிழிந்திருந்தால் விரித்து, அமிலமற்ற தாள் உறையில் தட்டையாக வையுங்கள், போதும். ஸ்கேன் 300 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), வண்ணத்தில். பின்பக்கத்தை விடாதீர்கள். பதிவுக் குறிப்பு, பெருவிரல் ரேகை, அடையாளம் காட்டியவர்கள் பெயர் எல்லாம் அங்கேதான். கைப்பேசி ஸ்கேன் செயலிகளில் தாளை வெளுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள், மங்கிய மையையும் முத்திரையையும் அது சேர்த்தே அழித்துவிடும்.

படங்களுக்கு 600 டிபிஐ. பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. மூலப் பிரதிக்கு டிஃப் வடிவம், பகிர்வதற்கு ஜேபெக். சட்டம் போட்ட படங்களில்தான் அதிகச் சேதம் நடக்கும். மாலை போட்டு, கண்ணாடியில் சந்தனம் குங்குமம் வைத்திருப்போம். அந்த ஈரம் ஓரம் வழியாக உள்ளே இறங்கி, படத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். தானாகப் பிரிந்தால் எடுங்கள். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் இழுக்காதீர்கள், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியைத் துடைத்துவிட்டு அதன் வழியாகவே ஸ்கேன் செய்யுங்கள். பின்பலகையில் ஸ்டூடியோ பெயர், ஊர், சில சமயம் எண்ணும் இருக்கும், அதையும் படம் எடுங்கள். பெயர் எழுத வேண்டுமானால் படத்தின் பின்னால், ஓரத்தில், மென்மையான பென்சிலால். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் தடம் விழும்.

ஓலைக்கட்டை அவசரப்பட்டுப் பிரிக்க வேண்டாம். கயிறு இற்றிருந்தால் ஏடு வரிசை கலையும், இடது ஓரத்தில் உள்ள தமிழ் எண்தான் வரிசைக்குச் சாட்சி. மென்தூரிகையால் தூசி தட்டி, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி ஒவ்வோர் ஏட்டையும் இரு பக்கமும் படம் எடுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் கீறல் நிழலோடு தெரியும். தேங்காய் எண்ணெய் தடவுவது பெரிய தவறு, பிசுக்காகி அழுக்கைப் பிடிக்கும். புல்தைலம் தடவும் வழக்கம் உண்டு, அதைச் சுவடி தெரிந்தவரிடம் விடுங்கள். சிலிக்கா ஜெல்லை அளவுக்கு மீறிப் போட்டால் ஓலை உலர்ந்து உடையும். படிப்பதற்கும் பழக்கம் வேண்டும். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம், எகர ஒகரத்தில் குறில் நெடில் வேறுபாடு தெரியாது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறை, சரசுவதி மகால் நூலகம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் ஆகிய இடங்களில் படிக்கத் தெரிந்தவர்களைப் பற்றிக் கேட்கலாம். வீட்டு ஓலைகளில் பெரும்பாலும் ஜாதகம், நிலக் கணக்கு, வைத்தியம் இருக்கும்.

வைகைக்கரை

பெட்டியை இறக்கியாயிற்று. இரண்டு சிக்கல். ஒரு ஜாதகக் குறிப்பில் "விரோதி வருஷம் ஆவணி" என்று மட்டும் இருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை. அடுத்து, தலைமுறைக்கு ஒரு கருப்பையா. அக்காள் மகளைக் கட்டியது, மாமன் மகளைக் கட்டியது என்று கொடிவழி சுற்றிச் சுற்றி வருகிறது. மென்பொருளில் எப்படி ஏற்றுவது?

கொடிவழி

அறுபது வருடச் சுற்று என்பதால் விரோதி 1889, 1949, 2009 மூன்றிலும் வரும். சனியையும் குருவையும் வைத்துத் தீர்மானிக்க முடியாது, அறுபது வருடத்தில் இரண்டும் கிட்டத்தட்டப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். ராகுவைப் பாருங்கள். அது பதினெட்டரை வருடச் சுற்று, அதனால் மூன்று ராசி போலத் தள்ளி நிற்கும். 1949 ஆவணியில் ராகு மீனத்தில், 1889 ஆவணியில் மிதுனத்தில். கட்டம் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இன்னொன்று: தமிழ் வருடம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி அடுத்த ஆங்கில ஆண்டில் விழும். விரோதி ஆவணி 1949 என்றால் விரோதி மாசி 1950. மார்கழி நடுவிலேயே ஆண்டு மாறிவிடும் என்பதால் அந்த மாதத்துக்கு நாளும் தெரிய வேண்டும்.

மென்பொருளுக்கு கிராம்ப்ஸ் நல்லது. இலவசம், இணையம் இல்லாமலே ஓடும், பெயர்களைத் தமிழிலேயே தரலாம். விதி ஒன்றுதான்: ஓர் ஆளுக்கு ஒரே பதிவு, ஒரே எண். மாமன் மகளைக் கட்டினால் அந்தப் பெண்ணை மருமகளாக இன்னொரு முறை ஏற்றாதீர்கள். ஏற்கெனவே உள்ள பதிவையே மனைவியாக இணையுங்கள். வரைபடத்தில் கோடு வளைந்து போகும், அது பிழையல்ல. கருப்பையாக்களைப் பிரிக்க எண்ணோடு அப்பா பெயரும் ஊரும் சேருங்கள். பெண்களுக்குப் பிறந்த வீட்டு இனிஷியலை மூலப் பெயராகவும் கணவர் இனிஷியலை மாற்றுப் பெயராகவும் வையுங்கள், இல்லாவிட்டால் அவர்கள் எந்த வீட்டுப் பெண் என்பதே தொலைந்துபோகும். மலேசியக் கிளையில் ஆங்கில எழுத்துக்கோவை ஆளுக்கு ஒருவிதமாக இருக்கும், அத்தனையையும் மாற்றுப் பெயர்களில் ஏற்றுங்கள்.

உங்கள் பெட்டியில் ஆகப் பெரிய புதையல் மொய் நோட்டுதான். தேதி போட்ட உறவுப் பட்டியல் அது. ஊர் வாரியாகப் பெயர் இருக்கும், தாய்மாமன் மொய் தனியாகத் தெரியும். இரண்டு கல்யாணத்து நோட்டை ஒப்பிட்டால் இடையில் யார் இறந்தார், எந்த வீடு பாகம் பிரிந்தது, யார் எந்த ஊருக்குக் குடிபோனார் என்பது வரை பிடிபடும். அதோடு கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, குலதெய்வக் கோயில் தலைக்கட்டு வரி நோட்டு ஆகியவற்றையும் பங்காளிகளிடம் கேளுங்கள்.

பத்திரத்தை நிலத்துக்காக மட்டும் படிக்காதீர்கள். "இன்னார் குமாரர், விவசாய ஜீவனம்" என்ற முதல் வரியில் ஒரு தலைமுறை இருக்கிறது. நான்கெல்லையில் பக்கத்து நிலத்துக்காரர்கள், பல சமயம் அண்ணன் தம்பிகளே. சாட்சிகள் பெரும்பாலும் உறவினர்கள். "எனக்குப் பிதுரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்ட" (தந்தை வழியில் வந்த) என்று இருந்தால் இன்னும் ஒரு தலைமுறை பின்னால் போகலாம். பத்திர எண், ஆண்டு, சார்பதிவகம் தெரிந்தால் தொலைந்த பத்திரத்துக்கும் நகல் கேட்கலாம். நிலக் கிரயங்கள் பதிவாவது 1-ஆம் புத்தகத்தில். கணினியில் ஏறாத பழைய காலத்துக்கு வில்லங்கம் பார்க்க நேரில் மனுச் செய்து கையால்தான் தேட வேண்டியிருக்கும்.

ஒவ்வொரு தகவலுக்கும் அது எங்கிருந்து கிடைத்தது என்பதைக் குறியுங்கள். "அப்பத்தா சொன்னது, மூன்றாம் பதிவு" என்று ஒரு வரி போதும். முரண்பட்ட இரண்டு தேதி வந்தால் இரண்டையும் வையுங்கள், எதையும் அழிக்காதீர்கள்.

நாடா

கேசட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போடுவதற்கு முன் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள், தப்பித்தவறியும் மேலே பதிவாகாது. ஜன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளில் வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், தனியாக எடுத்து வைத்துப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். நாடாவை அழுத்தும் சிறு கம்பளிப் பட்டை உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும். வேறொரு கேசட் கூட்டைத் திறந்து நாடாவை அதற்குள் மாற்றினால் சரியாகிவிடும்.

யுஎஸ்பி வைத்த மலிவுக் கருவிகளை நம்ப வேண்டாம், வேகம் தள்ளாடும். நல்ல நிலையில் உள்ள பழைய டெக்கின் (கேசட் ஓட்டும் கருவியின்) லைன் அவுட் துளையிலிருந்து கணினிக்கு எடுங்கள். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். ஹெட்டுக்கு ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், ரப்பருக்கு ஈரத் துணியே போதும். நீண்ட நாள் ஓடாத நாடாவை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகே பதிவெடுங்கள். குரல் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல இருந்தால் ஹெட் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை மெதுவாகத் திருப்பி "ச", "ஸ" ஒலிகள் துலங்கும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இது மாறும். சி-90 நாடா சி-60-ஐ விட மெல்லியது, வேகமாகச் சுற்றி அறுத்துவிடாதீர்கள்.

பங்காளி

பகிர்வதைப் பற்றி. முதலில் ஒரு நடைமுறைச் சிக்கல்: கொடிவழியும் பத்திரமும் சேர்த்துக் கேட்டால் "பாகம் கேட்கப் போகிறான்" என்று பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். படத்தையும் கதையையும் முதலில் கேளுங்கள். நீங்கள் சேர்த்ததைக் காட்டிவிட்டு, கடைசியில், நகல் மட்டும் போதும் என்று சொல்லிப் பத்திரத்துக்கு வாருங்கள். இரண்டாம் தாரம், தத்து, வீட்டை விட்டுப் போனவர்கள் பற்றி அப்பத்தா பேசினால் அதைத் தனிக் கோப்பாக்கி, யார் எப்போது கேட்கலாம் என்பதை அவர் வாயாலேயே பதிவு செய்துகொள்ளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரியைப் பொதுத் தளத்தில் போடாதீர்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள். அந்தக் குழு அறிவிப்புக்கு மட்டும்தான், சேமிப்புக்கு அல்ல. மூலக் கோப்புகள் மூன்று இடத்தில் வேண்டும்: உங்கள் வன்தட்டு, பினாங்கிலோ கனடாவிலோ ஒருவரிடம் இன்னொரு வன்தட்டு, மேகச் சேமிப்பு. வருடத்துக்கு ஒருமுறை தட்டுகளை இயக்கிச் சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். பென்டிரைவை நீண்ட காலச் சேமிப்பாக நம்பக் கூடாது. கூகுள் கணக்கு இரண்டு வருடம் தொடப்படாமல் கிடந்தால் நீக்கப்படலாம், ஆகவே உங்களுக்குப் பின் யாருக்கு அணுக்கம் என்பதை அமைப்புகளில் இப்போதே குறித்துவிடுங்கள். கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் முதலில், பிறகு ஆள் எண். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாராவது தட்டச்சு செய்து வைத்திருந்தால் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள், இல்லாவிட்டால் அடுத்த கணினியில் அது வெறும் ஆங்கிலக் கிறுக்கல். கிராம்ப்ஸிலிருந்து ஜெட்காம் கோப்பையும் (கொடிவழித் தகவலுக்கான பொது வடிவம்) எடுத்து வையுங்கள், வேறு மென்பொருளிலும் திறக்கும்.

தமிழ் படிக்க வராத பிள்ளைகளுக்கு முழு மொழிபெயர்ப்பை விடச் சிறு துண்டுகள் வேலை செய்யும். அப்பத்தா குரலில் இரண்டு மூன்று நிமிடம், அவர் எந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறாரோ அது திரையில், கீழே ஆங்கில வரி. பிள்ளைகளையே அடுத்த கேள்வியை அனுப்பச் சொல்லி, பதிலில் அவர்கள் பெயரைச் சொல்லும்படி அப்பத்தாவிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காமல், ஆறு மாதத்தில் கிடைத்ததை அமிலமற்ற தாளில் ஒரு சிறு புத்தகமாக அச்சிட்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுங்கள். வலப்பக்கங்களில் அகலமான ஓரம் விடுங்கள், பெரியவர்கள் திருத்தம் எழுதுவார்கள். அடுத்த குலதெய்வக் கும்பிடுக்கு எல்லோரும் கூடும்போது அந்தத் திருத்தங்களைப் படம் எடுத்து வாங்கிக்கொள்ளலாம்.