விலை பார்க்கும் செயலி நம்மிடமிருந்து எதை எடுக்கிறது?

பாலக்கோட்டான்: எங்கள் பக்கத்து விவசாயிகள் தக்காளி விலை பார்க்கும் செயலியைத் திறந்ததும், அவர்கள் எதையும் தொடுவதற்கு முன்பே, அதனுள் இருக்கும், பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் பகுப்பாய்வுக் கருவி கைப்பேசியின் மாடல், ஆண்ட்ராய்டு பதிப்பு, மொழி, விளம்பர அடையாள எண் ஆகியவற்றை வெளியே அனுப்பிவிடுகிறது. இதற்கு அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டாமா?

ஓசூர் நிரலாளர்: ஐயா, பெயரோ தொலைபேசி எண்ணோ அதில் தானாகப் போவதில்லை. கூகுளின் ஃபயர்பேஸ் போன்ற கருவிகள் ஒவ்வொரு நிறுவலுக்கும் ஓர் எண்ணை உருவாக்கி, எந்தத் திரை எவ்வளவு நேரம் திறந்திருந்தது என்று கணக்கெடுக்கின்றன. செயலியை நீக்கி மீண்டும் நிறுவினால் அந்த எண்ணும் மாறிவிடும். விலைப்பட்டியல் வருவதற்குள் பழைய கைப்பேசிக்காரர்கள் சலித்து வெளியேறுவது எங்களுக்கு இப்படித்தான் தெரிய வருகிறது.

பாலக்கோட்டான்: நிறுவல் எண்ணைப் பற்றி நான் பேசவில்லை. விளம்பர அடையாள எண் ஒரு கைப்பேசியின் எல்லாச் செயலிகளுக்கும் ஒன்றே. கடன் செயலிக்கும் விலைச் செயலிக்கும் அதே எண் கிடைக்கும்போது, இரண்டையும் பயன்படுத்துபவர் ஒருவரே என்று பொருத்திப் பார்க்க யாருக்கும் பெயர் தேவையில்லை. இதற்காகத்தான் ஆப்பிள் 2021 ஏப்ரலில், ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 14.5 பதிப்பிலிருந்து, பிற நிறுவனங்களின் செயலிகளுக்கிடையே ஒருவரைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கட்டாயமாக்கியது.

காவேரிப்பட்டினம் வாசகி: நிரலாளர் ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். அந்த விளம்பர எண்ணைப் படிக்கும் அனுமதியை நிரலில் நீங்கள் எழுதாவிட்டாலும், கருவியின் நூலகம், அதாவது நீங்கள் சேர்க்கும் அதன் ஆயத்த நிரல் தொகுப்பு, தன் அனுமதியை உங்கள் செயலியோடு சேர்த்துவிடுகிறது. அதை நீக்க ஒரு வரி போதும்; பயனர் ஒப்பும்வரை சேகரிப்பையே நிறுத்திவைக்கவும் வழி உண்டு. ஏன் செய்வதில்லை?

ஓசூர் நிரலாளர்: விளம்பர எண்ணை எடுத்துவிடுவதில் எனக்கு மறுப்பில்லை அம்மா, விலை காட்டும் செயலிக்கு அது வேண்டியதே இல்லை. ஆனால் முதல் திரையிலேயே அனுமதி கேட்டால், படிக்காமலே மறுப்பவர்கள் பெருகுவார்கள், செயலி எங்கே முடங்குகிறது என்ற கணக்கும் அரைகுறையாகிவிடும்.

பாலக்கோட்டான்: படிக்காமல் மறுப்பதற்குக் காரணம், அந்த அறிவிப்பு ஆங்கிலத்தில் பல பக்கம் நீள்வதுதான். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள, தமிழ் உட்பட்ட மொழிகளிலும் அறிவிப்பைப் படிக்கும் வாய்ப்பைத் தரச் சொல்கிறது. எதை எடுக்கிறீர்கள், எதற்கு, யாருக்குப் போகிறது என்று தமிழில் நான்கு வரி எழுதிக் கேளுங்கள். அதன்பிறகும் ஒருவர் மறுத்தால், அவருடைய கணக்கு உங்களுக்குக் கிடைக்காமல் போகட்டும்.

ஓசூர் நிரலாளர்: நான்கு வரி எழுதுகிறேன். செயலி முடங்கும்போது எங்களுக்கு வரும் முடக்க அறிக்கைக்கும் அனுமதி கேட்க வேண்டும் என்பதை மட்டும் இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை.