லைன் தண்ணி வந்தா சொல்ற கருவி: இதை ஸ்டார்ட்அப் ஆக்கலாமா?

கேள்வி (பழைய வண்ணாரப்பேட்டை)

எங்க அபார்ட்மெண்ட்ல 14 வீடு, சம்பு (தரைக்கு அடியில இருக்கிற தொட்டி) 6,000 லிட்டர். லைன் தண்ணி விடியக்காலைல எப்ப வேணா வரும், ரெண்டு மணி நேரம்தான். சம்பு நிரம்பினா ஃப்ளோட் வால்வு மூடிக்கும். அப்ப மோட்டார் போட்டு மாடி டேங்குக்கு ஏத்தினா இன்னும் 5,000 லிட்டர் பிடிக்கலாம். தூங்கிட்டா லாரிதான். அந்தக் கடுப்புல இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்ன கன்ட்ரோலர் போர்டு), ஒலி அனுப்பி தண்ணி மட்டத்தை அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் வச்சு ஒண்ணு செஞ்சிருக்கேன். தண்ணி வந்தா ஆப்ல நோட்டிஃபிகேஷன் வரும். வேலையை விட்டுட்டு இதையே கம்பெனியா ஆரம்பிக்கலாமாண்ணா? எங்க அடி விழும்?

பதில் 1

வேலையை இப்ப விடாதீங்க தம்பி. மோட்டாரைத் தானா போட்டு நிறுத்துற கன்ட்ரோலர் ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகள்ல ஏற்கெனவே கிடைக்குது. ஒரு கட்டடத்துக்கு அதுவே போதும், உங்ககிட்ட ஏன் வாங்கணும்?

உங்க கடுப்புக்குக் காரணம் என்னன்னு பாருங்க. தண்ணி இல்லாம இல்ல, வந்தது தெரியல. 2005 தீபாவளிக்கு பெங்களூருல இருந்து ஹைதராபாத் போக பஸ் டிக்கெட் கிடைக்காம நின்னார் பணீந்திர சாமா. எந்த பஸ்ல சீட்டு காலின்னு ஒரே இடத்துல பார்க்க அப்ப வழி இல்ல, ஏஜென்ட் ஏஜென்டா கேட்கணும். சிதறிக் கிடந்த அந்தத் தகவலைச் சேர்த்து 2006ல தொடங்கினதுதான் ரெட்பஸ்.

உங்க தெருவுலயும் அதே கதைதான். தெருவுக்குத் தண்ணி விடுற வால்வு திறந்ததும் அதுக்குப் பக்கத்துல இருக்கிற சம்பு முதல்ல ஏறும், கடைக்கோடி வீட்டுக்குப் பிறகுதான் போகும். ஒரே மெயின்ல (தெருவோட பெரிய குழாய்) இருக்கிற பத்து கட்டடத்துல சென்சார் இருந்தா, முதல் சம்பு ஏறும்போதே கடைசிக் கட்டடம் மோட்டார் போட்டு தன் சம்பைக் காலி பண்ணி வச்சுக்கலாம். இது எந்தக் கடையிலயும் கிடைக்காது. உங்க சரக்கு இதுதான், கருவி இல்ல.

பதில் 2 (எலக்ட்ரானிக்ஸ் வேலை)

மேல சொன்னது சரி. ஆனா கருவி பொய் சொன்னா பத்து கட்டடமும் ரெண்டே வாரத்துல உங்களை விட்டுடும்.

பைப்புல ஃப்ளோ மீட்டர் (தண்ணி ஓட்டத்துல சக்கரம் சுத்தி அளக்கிறது) மட்டும் மாட்டாதீங்க. தண்ணிக்கு முன்னாடி காத்து வரும், அதுக்கே சக்கரம் சுத்தி ராத்திரியில எழுப்பிவிடும். மட்டம் பார்க்கிறதுதான் நல்லது. நீங்க வச்சிருக்கிற அல்ட்ராசோனிக் ஜேஎஸ்என்-எஸ்ஆர்04டி சென்சார்னா 20–25 செ.மீ.க்குள்ள அதுக்குக் கண்ணு தெரியாது. சம்பு நிரம்பினதைச் சொல்ல தனியா ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் போடுங்க. மூடிக்கு அடியில வேர்த்து சென்சார் முகத்துல துளி நிக்கும், அப்ப ரீடிங் எகிறும். ஏழு தடவை அளந்து நடு மதிப்பை எடுங்க.

சம்புத் தரை 2க்கு 2 மீட்டர்னா 1 செ.மீ. ஏறினா 40 லிட்டர். 5 நிமிஷத்துல 3 செ.மீ. ஏறினாத்தான் "வந்துடுச்சு"ன்னு சொல்லணும். மோட்டார் ஓடும்போது மட்டம் இறங்கும், அந்த நேரக் கணக்கைச் சேர்க்காதீங்க.

சம்புக்குள்ள இருந்து வைஃபை வெளிய வராது. சென்சார் மட்டும் உள்ளே, போர்டு வெளியே பெட்டியில. வைஃபைக்குப் பதிலா சிம் மாடியூல் (மொபைல் நெட்வொர்க்ல பேசுற சின்ன போர்டு) போட்டா, அது சிக்னல் அனுப்புற நொடியில 2 ஆம்பியர் வரைக்கும் இழுக்கும். மெல்லிசு ஒயர், சின்ன சார்ஜர்னா வோல்டேஜ் விழுந்து போர்டு ரீசெட் ஆகும். மாடியூலோட பவர் பின்னுக்குப் பக்கத்துலயே 1,000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைங்க.

காசிமேடு, ராயபுரம் பக்கம் உப்புக்காத்து. கோட்டிங் இல்லாத போர்டுல செம்பு சீக்கிரமே பச்சை பூக்கும். ஒயரைப் பெட்டிக்கு அடியில இருந்து, ஒரு வளைவு தொங்கவிட்டு ஏத்துங்க. மேலிருந்து விட்டா மழைத்தண்ணி ஒயரோடயே வழிஞ்சு உள்ளே இறங்கிடும்.

பதில் 3

ஆப்பைப் பத்தி ஒண்ணு. விடியக்காலைல மோட்டார் போடுறவர் வாட்ச்மேன், இல்லன்னா கீழ்வீட்டு அம்மா. பட்டன் போன்தான் இருக்கும். நோட்டிஃபிகேஷன் யாருக்கு? கால் அடிக்கணும், இல்லன்னா வாசல்ல மணி அடிக்கணும்.

பணம் தர்றதும் அவங்க இல்ல, அபார்ட்மெண்ட் சங்கத்துப் பொருளாளர். "மாசத்துக்கு எத்தனை லாரி வாங்குறீங்க?"ன்னு அவர்கிட்ட கேளுங்க. ரெண்டு லாரி மிச்சமாகும்னு நோட்டுல காட்டினா பேச்சு நகரும். கருவியை ஒரு தடவை வித்துட்டு விட்டா பழுது பார்க்கப் போற செலவே ஆளைச் சாப்பிடும். மாசச் சந்தா வைங்க.

உத்யம் (சிறு தொழிலுக்கான அரசுப் பதிவு) இலவசம், ஏஜென்டுக்குக் காசு கொடுக்காதீங்க. தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப் டிஎன் தர்ற டான்சீட் தொடக்க நிதிக்கு அப்புறம் போகலாம். முதல்ல பத்துச் சங்கம் முன்பணம் தரட்டும்.

கேட்டவர்

கருவியே இல்லாம பத்துக் கட்டடத்துல எப்படிண்ணா சோதிக்கிறது?

பதில் 1

மூணு வாரம் மிஸ்டு கால்ல ஓட்டுங்க. முதல்ல யாருக்குத் தண்ணி வருதோ அவங்க உங்க நம்பருக்கு ஒரு மிஸ்டு கால், நீங்க மத்த ஒன்பது பேருக்கும் அடிங்க. ஒவ்வொரு சம்புலயும் 10 செ.மீ.க்கு ஒரு கோடு போட்ட பிவிசி பைப்பை இறக்கி, வந்தப்ப ஒரு அளவு, நின்னப்ப ஒரு அளவு, நேரத்தோட எழுதச் சொல்லுங்க. மோட்டார் எத்தனை நிமிஷம் ஓடுச்சுன்னும் எழுதணும், இல்லன்னா மாடிக்கு ஏறின தண்ணி கணக்குல வராது. முதல் கட்டடத்துக்கும் கடைசிக் கட்டடத்துக்கும் எத்தனை நிமிஷ வித்தியாசம்னு பாருங்க. அஞ்சு நிமிஷம்தான்னா கடைசி ஆளுக்கு சம்பு காலி பண்ண நேரமே இருக்காது, அந்தத் தெருவை விட்டுட்டு நீளமான மெயின் இருக்கிற தெருவாப் பாருங்க.