பிளஸ் ஒன் டாப்பர்ஸ்கிட்ட ரெஃப்ளெக்டிவ் ரைட்டிங்: என்ன கேட்டா உண்மையா எழுதுவாங்க?

சாக்பீஸ்_டீச்சர்

எல்லாருக்கும் வணக்கம். அரசு மாதிரிப் பள்ளி ஒண்ணுல பிளஸ் ஒன்னுக்கு இங்கிலீஷ் எடுக்குறேன், ஊர் பேர் வேணாம். மாவட்டம் முழுக்க கவர்மென்ட் ஸ்கூல்கள்ல நல்லா படிக்கிற பசங்களா பாத்து எடுத்து ஹாஸ்டல்ல தங்க வச்சு படிக்க வைக்கிறோம், பாதிப் பேருக்கு ஜேஇஇ, நீட், மிச்சப் பேருக்கு சட்டம் படிக்க கிளாட், ஃபேஷன் படிக்க நிஃப்ட்னு ஆளுக்கொரு கனவு, நிறைய வீட்டுல காலேஜ் வாசப்படி மிதிக்கப்போற முதல் ஆளே இவங்கதான். 2025-26ல இருந்து பிளஸ் ஒன் பொதுத்தேர்வை எடுத்துட்டாங்கல்ல, கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைச்சிருக்கேன்னு ஹெச்எம்கிட்ட பேசி வாரத்துக்கு ஒரு பீரியட் ரெஃப்ளெக்டிவ் ரைட்டிங்குக்குன்னே வாங்கிட்டேன், அதாவது தனக்கு நடந்ததைத் திரும்பிப் பாத்து யோசிச்சு எழுதுறது.

தலைப்பு சிம்பிளாதான் கொடுத்தேன், "இந்த வாரம் நான் கற்றுக்கொண்டது". வந்தத பாத்தா அத்தனை பேரும் ஒரே கோனார் நோட்ஸ் பாத்து எழுதின மாதிரி இருக்கு. "இந்த அனுபவம் எனக்கு விடாமுயற்சியின் அவசியத்தை உணர்த்தியது." பிழை இல்ல, கையெழுத்து முத்து முத்தா இருக்கு, ஆனா எழுதின ஆளை அதுல காணோம். ஒரு பொண்ணு, பத்தாவதுல ஸ்கூல் ஃபர்ஸ்ட், இங்க வந்து முதல் பிசிக்ஸ் டெஸ்ட்ல 70க்கு 19. பேப்பரை நாலா மடிச்சு கைக்குள்ள வச்சுக்கிட்டு தண்ணி குடிக்கிற சாக்குல குழாய்கிட்ட ரொம்ப நேரம் நின்னுச்சு, நான் ஸ்டாஃப் ரூம் ஜன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுதான் இருந்தேன். அந்த வாரம் நோட்டுல அது எழுதினது "தோல்வியே வெற்றியின் முதல் படி என்பதை உணர்ந்தேன்". கீழ ஒரு ஸ்மைலி வேற.

நெட்ல தேடினா கிப்ஸ் சைக்கிள்னு, நடந்ததை ஆறு கட்டமாப் பிரிச்சு யோசிக்கிற ஒரு முறை வருது, 1988ல வந்தது, நர்சிங் காலேஜ்ல எல்லாம் அதத்தான் கொடுக்குறாங்க. அதை இவங்ககிட்ட கொடுத்தா ஆறு தலைப்பு போட்டு, அடிக்கோடு இழுத்து, ஆறுக்கும் விடை எழுதி வச்சிடுவாங்க, அதுல கில்லாடிங்க. வேற என்ன கேக்கலாம்? மார்க் போடணுமா வேணாமா? இங்கிலீஷ் பீரியட்ங்குறதால இங்கிலீஷ்லதான் எழுதணும்னு வச்சிருக்கேன், அதுவும் சரியான்னு தெரியல.

பியூரெட்

டீச்சர், நான் சென்னைல ஒரு ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) ஸ்கூல்ல கெமிஸ்ட்ரி. எங்க டிப்ளமோ பசங்க 4000 வார்த்தைக்கு எக்ஸ்டெண்டட் எஸ்ஸேன்னு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதணும், அதோட நடுவுல மூணு தடவை சூப்பர்வைசரைப் பாத்துட்டு மொத்தம் 500 வார்த்தைக்குள்ள ரெஃப்ளெக்ஷன் எழுதணும், 34 மார்க்குல 6 மார்க் அதுக்கு (2027 பேட்ச்ல இருந்து இந்த ஃபார்மட் மாறுது, அது வேற கதை). மார்க் இருக்குன்னு தெரிஞ்ச அன்னிக்கே பசங்க அதுக்கும் ஒரு ஃபார்முலா கண்டுபிடிச்சுட்டாங்க. நல்லா படிக்கிற பசங்களுக்கு இதுல ஒரு பிரச்சனை இருக்கு, நாம என்ன எதிர்பாக்குறோம்னு நமக்கு முன்னாடியே மோப்பம் புடிச்சுடுவாங்க. அதனால "என்ன கத்துக்கிட்ட"ன்னு மட்டும் கேக்காதீங்க, அதுக்கு அவங்ககிட்ட எப்பவும் ரெடியா பதில் இருக்கும்.

ஒரு பொண்ணு எங்கிட்ட போர்வெல் தண்ணியோட கடினத்தன்மை பத்தி பண்ணா, ஈடிடிஏ டைட்ரேஷன், அதாவது ஈடிடிஏ கரைசலைச் சொட்டுச் சொட்டா விட்டு இண்டிகேட்டர் நிறம் மாறுற இடத்தை வச்சு அளக்குறது. ஃபார்ம்ல எழுதினது "நேர மேலாண்மையும் பொறுமையும் கற்றுக்கொண்டேன்". கடைசி இன்டர்வியூல நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், எந்த ரீடிங்கை தூக்கிப் போட்டன்னு. முதல்ல முழிச்சா. அப்புறம் மெதுவா வருது, ஒரே சாம்பிளை காலைல ஜன்னலோரம் வச்சுப் பண்ணப்ப ஒரு ரீடிங், சாயங்காலம் டியூப் லைட்ல பண்ணப்ப வேற ரீடிங். அந்த இண்டிகேட்டர் ஒயின் சிவப்புல இருந்து நீலத்துக்கு மாறும், நடுவுல ஒரு ஊதா வரும் பாருங்க, டியூப் லைட்ல அது நீலமா ஊதாவான்னு தெரியாம இன்னும் ரெண்டு சொட்டு கூடவே விட்டிருக்கா. சாயங்கால ரீடிங் சேத்தா கிராஃப் அழகா வரல, எடுத்துட்டா. சொல்லிட்டு அவளே கேக்குறா, "சார், நான் விட்டது தப்பான ரீடிங்கையா, இல்ல எனக்குப் புடிக்காத ரீடிங்கையா?" எனக்கு வேண்டிய ரெஃப்ளெக்ஷன் அந்த ஒரு வரிதான், ஃபார்ம்ல அது இல்லவே இல்ல.

அதனால எதைக் கைவிட்ட, எதை நடுவுல மாத்துன, எந்த இடத்துல சந்தேகம் வந்தும் கண்டுக்காம போன, இப்படி நடந்த ஒரு காரியத்தைப் புடிச்சுக் கேளுங்க. பதில்ல ஒரு பொருளோ ஒரு நம்பரோ ஒரு நேரமோ இல்லன்னா திருப்பி அனுப்பிடுங்க.

சைன்_தீட்டா

மேல சொன்னதுக்கு ஒரு ஓட்டு. நான் மேத்ஸ், ஜேஇஇ பேட்ச்தான் எடுக்குறேன். கணித அறிஞர் போல்யா 1945லயே எழுதிட்டாரு, கணக்கு போடுறதுல நாலு படி, கடைசிப் படி திரும்பிப் பாக்குறது. நம்ம பசங்க மூணாவது படியோட விடைக்கு அடியில ரெண்டு கோடு போட்டுட்டு அடுத்த கணக்குக்கு ஓடிடுவாங்க.

நான் பண்றது இது. ஜேஇஇ மெயின் மாதிரியே சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1 வச்சு மாக் டெஸ்ட். எழுதும்போதே ஒவ்வொரு விடை பக்கத்துலயும் ஷ்யூர், டவுட், குருட்டடி, இதுல ஒண்ணு குறிக்கணும். பேப்பர் திருப்பிக் கொடுத்ததும் "ஷ்யூர்"னு போட்டு தப்பாப்போன கணக்குல ஒண்ணே ஒண்ணு எடுத்து அரைப் பக்கம் எழுதணும், அவ்வளவுதான் அசைன்மென்ட். கார்னெகி மெலன்ல மார்ஷா லவெட்னு ஒருத்தங்க எக்ஸாம் ராப்பர்னு இதே ஜாதியில ஒண்ணு வச்சிருக்காங்க, எப்படி தயார் பண்ண, எங்க மார்க் போச்சு, அடுத்த தடவை என்ன மாத்துவன்னு பேப்பர் கையில வரும்போதே எழுத வைக்கிறது.

ரெண்டு வார்த்தைக்கு தடா: "கவனக்குறைவு", "சில்லி மிஸ்டேக்". இது ரெண்டும் இல்லாம எழுதுன்னு சொன்னா அரை மணி நேரம் பேனாவைக் கடிப்பாங்க. ஒரு பையன், சைன் டூ எக்ஸ் ஈக்வல் டு சைன் எக்ஸ், இடது பக்கத்தை டூ சைன் எக்ஸ் காஸ் எக்ஸ்னு பிரிச்சுட்டு ரெண்டு பக்கமும் சைன் எக்ஸை அடிச்சுட்டான், சைன் எக்ஸ் பூஜ்யமா வர்ற தீர்வு அத்தனையும் காலி. வழக்கமா கவனக்குறைவுன்னு எழுதிட்டுப் போயிருப்பான். தடா போட்டதால யோசிச்சு எழுதுறான், "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா அடிச்சுடலாம்னு எட்டாவதுல இருந்து பண்றேன், அது பூஜ்யமா இருந்தா என்ன ஆகும்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல, போன டெஸ்ட்லயும் இதேதான்". மூணு வருஷமா உள்ள உக்காந்திருந்த வியாதி, நான் எத்தனை டெஸ்ட் வச்சாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.

பழைய_தமிழாசிரியர்

அம்மா, குத்தம் பசங்க மேல இல்ல, எங்க மேலதான். ஆறாம் வகுப்புல இருந்து முன்னுரை, பொருளுரை, முடிவுரைன்னு உட்தலைப்பு போட்டு மேற்கோள் காட்டி எழுதுனாத்தான் மார்க்குன்னு பழக்கி வச்சிருக்கோம், நோட்டுலயும் அதத்தான் எழுதுவாங்க. நீங்க ஒண்ணு பண்ணுங்க, எழுதி முடிச்சதும் கடைசிப் பத்தியை அடிச்சுடச் சொல்லுங்க. உபதேசம் எல்லாம் அங்கதான் இருக்கும், அது போயிட்டா மிச்சம் என்ன இருக்குன்னு அவங்களுக்கே தெரியும்.

படிக்கக் கொடுக்க உ.வே.சா.வோட என் சரித்திரம் இருக்கு. 1880 அக்டோபர்ல கும்பகோணத்துல முன்சீபா இருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பாக்கப்போற இடம். ஐயருக்கு அப்ப 25 வயசு, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட படிச்சவர், காலேஜ்ல தமிழாசிரியர், இன்னிக்கு உங்க பசங்க இருக்குற நிலைமைதான், படிப்புல தன்னை மிஞ்ச ஆளில்லன்னு ஒரு நினைப்பு. என்ன படிச்சிருக்கீங்கன்னு முதலியார் கேக்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவைன்னு அடுக்கிக்கிட்டே போறார், அந்த மனுஷன் அசரவே இல்ல, இதெல்லாம் படிச்சு என்ன பிரயோசனம்னு கேட்டுட்டு சிந்தாமணி படிச்சதுண்டா, சிலப்பதிகாரம் படிச்சதுண்டான்னு அடுத்த கேள்வி. ஐயர் அந்தப் புத்தகங்களைக் கண்ணாலயே பாத்ததில்ல. இதை எழுதும்போது அவருக்கு 85 வயசுக்கு மேல, 1940ல இருந்து ஆனந்த விகடன்ல தொடரா வந்துச்சு. சிந்தாமணியைப் பதிப்பிச்சு எவ்வளவோ பேர் வாங்கின பிறகும், அன்னிக்குத் தன் மனசுல இருந்த பெருமையை மறைக்காம எழுதியிருக்கார் பாருங்க. அந்த ஒரு அத்தியாயத்தைக் கொடுத்துட்டு, உனக்கு யாராவது இப்படி ஒரு கேள்வி கேட்டாங்களான்னு கேளுங்க, வேற விளக்கம் வேணாம்.

மொழி பத்திக் கேட்டீங்க. அழுகை வர்ற விஷயத்தை ஒருத்தன் இங்கிலீஷ் கிராமர் பாத்துப் பாத்து எழுத முடியுமா? தமிழ்ல விடுங்க, வீட்டுல பேசுற தமிழ்ல. இங்கிலீஷ் கிளாஸுக்குக் கணக்கு காட்டணும்னா அப்புறம் அதுல ஒரு பத்தியை மொழிபெயர்க்கச் சொல்லிக்கலாம்.

ஹாஸ்டல்_முன்னாள்

மிஸ், நான் இப்ப காலேஜ் செகண்ட் இயர், இதே மாதிரி ஒரு ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல படிச்சேன். நாங்க ஏன் பொய் எழுதுனோம்னா நோட்டு எங்க போகும்னு எங்களுக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூம் டேபிள்ல அடுக்கி வச்சிருப்பாங்க, யார் வேணா எடுத்துப் படிக்கலாம். ஒரு தடவை பேரண்ட்ஸ் மீட்டிங்ல நல்ல கட்டுரைன்னு என் ஃப்ரெண்டோடதை சத்தமா வாசிச்சாங்க, அவங்க அப்பா குடிக்கிறது பத்தி ஒரு வரி இருந்துச்சு, அம்மா அங்கதான் உக்காந்திருந்தாங்க. அதுக்கப்புறம் எங்க பேட்ச் மொத்தமும் விடாமுயற்சிதான், தன்னம்பிக்கைதான், உங்க நோட்டுல வர்ற அதே மாதிரி.

யார் படிப்பாங்கன்னு முதல் நாளே சொல்லிடுங்க. அப்புறம், எந்தப் பக்கத்தை மடிச்சு ஸ்டேப்ளர் அடிக்கிறோமோ அதை நீங்க பிரிக்கக்கூடாது. சொன்னா மட்டும் போதாது மிஸ், நாங்க பின்னைப் பாப்போம்.

கடைசிபெஞ்ச்

எல்லாம் சரி, இது ஏன் டாப்பர்ஸுக்கு மட்டும்? சாதா ஸ்கூல்ல ஃபெயில் ஆகுறவன் யோசிக்க மாட்டானா

சாக்பீஸ்_டீச்சர்

யோசிப்பான் சார், மறுக்கல. என் கையில இருக்குறது இந்த கிளாஸ் அதனால இதைக் கேட்டேன். ஒரு வித்தியாசம் மட்டும் இருக்கு, இவங்க இதுவரைக்கும் தோத்ததே கிடையாது, பதினாறு வயசுல முதல் தடவையா கிளாஸ்ல முப்பதாவது ஆளா உக்காந்திருக்காங்க.

மனநல_ஆலோசகர்

ஸ்டேப்ளர் ஐடியா எனக்குப் புடிச்சிருக்கு, ஆனா அதுல ஒரு விஷயம் முன்னாடியே பேசிடணும். யாராவது தனக்குப் பாலியல் தொந்தரவு நடந்ததா எழுதி அது உங்க கண்ணுல பட்டா, 2012 போக்சோ சட்டப்படி நீங்க புகார் கொடுத்தே ஆகணும், ரகசியமா வச்சுக்குறேன்னு வாக்கு கொடுக்க உங்களுக்கு உரிமையே இல்ல. அதனால "யாருக்கும் சொல்ல மாட்டேன்"னு சொல்லாதீங்க, "உன் பாதுகாப்பு பத்தின விஷயம்னா நான் சும்மா இருக்க முடியாது, மத்தது நமக்குள்ள"ன்னு சொல்லுங்க. குழந்தைகள் உதவி எண் 1098ஐயும் தமிழ்நாடு பள்ளிக்கல்வி உதவி எண் 14417ஐயும் நோட்டோட முதல் பக்கத்துல எழுத வச்சிடுங்க.

இன்னொண்ணு, மனசுல இருக்குற பாரத்தையெல்லாம் எழுதுன்னு கிளாஸ்ல வச்சு அழுத்தாதீங்க. உளவியலாளர் பென்னிபேக்கரோட 1986 ஆய்வைக் காட்டி எழுதுனா மனசு லேசாகும்னு சொல்லுவாங்க, ஆனா அதே ஆய்வுல, எழுதி முடிச்ச உடனே அந்த ஆட்களுக்கு மனசு இன்னும் கனமாத்தான் ஆச்சு, நல்லது நடந்தது மாசக்கணக்குல கழிச்சு. பீரியட் மணி அடிச்சதும் அந்தப் பையன் நேரா கெமிஸ்ட்ரி கிளாஸ்ல போய் உக்காரணும். பரீட்சை பயத்துக்கு மட்டும்னா ஒண்ணு செய்யலாம், தேர்வுக்கு முன்னாடி பத்து நிமிஷம் பயத்தைப் பத்தியே எழுத விடுறது, ரமிரெஸும் பெய்லாக்கும் 2011ல சயன்ஸ் இதழ்ல போட்டாங்க, ரொம்ப பதட்டப்படுற பசங்களுக்கு மார்க் கூடியிருக்கு. எழுதுன பேப்பரை யாரும் படிக்க வேணாம், குப்பைக்கூடையில போட்டுட்டுப் போகலாம்.

சாக்பீஸ்_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி, நோட்டு போட்டு எழுதி வச்சுக்கிட்டேன். வெள்ளிக்கிழமை இப்படிப் பண்ணப்போறேன்: தமிழோ கலந்தோ அவங்க இஷ்டம், அரைப் பக்கம், "இந்த வாரம் நீ ஷ்யூரா இருந்து தப்பாப்போன ஒரு விஷயம்", முடிவுரை கூடாது, மார்க் கிடையாது. நோட்டு என் பீரோவுல பூட்டுல இருக்கும், ஸ்டேப்ளரை நானே வாங்கி டேபிள்ல வச்சிடுறேன். தடா லிஸ்ட்ல "விடாமுயற்சி"யையும் சேத்துட்டேன். மேத்ஸ் சார், ஒரே ஒரு சந்தேகம், மார்க் இல்லன்னு சொன்னா இந்தப் பசங்க பேனாவைத் தொடுவாங்களா? ஒவ்வொரு மார்க்குக்கும் சண்டை போடுற கூட்டம் இது.

சைன்_தீட்டா

முதல் ரெண்டு வாரம் நாலு வரிதான் வரும் மேடம், வெத்துப் பேப்பரும் வரும், திட்டாம வாங்கி வச்சுக்கோங்க. மார்க்குக்கு பதிலா அவங்க எழுதுனதுக்குக் கீழ ஒரு கேள்வி எழுதி அனுப்புங்க. "குட்", "கீப் இட் அப்" எழுதாதீங்க, அதுவும் ஒரு மார்க்குதான், எத்தனை குட் வாங்குனோம்னு எண்ண ஆரம்பிச்சுடுவாங்க. என் கிளாஸ்ல நான் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதணும்னுதான் அடுத்த வாரம் நோட்டைத் தேடுவாங்க. நாப்பது நோட்டுக்கும் ஒரே வாரத்துல கேள்வி எழுத முடியாது, வாரத்துக்குப் பத்து நோட்டு மட்டும் எடுங்க, எந்தப் பத்துன்னு முன்னாடியே சொல்லாதீங்க.