டிகெம் ஒயின்: நேரில் பார்த்தவர்கள், ருசித்தவர்கள் எழுதுங்கள்

#1
அக்டோபர் கடைசி, டிகெம் இனிப்பு ஒயின் செய்யற சோத்தெர்ன், பிரான்ஸ்ல போர்தோ பக்கம். சிரோன் ஆத்துக் குளிர்ந்த தண்ணி காரோன் ஆத்துல கலந்து மூடுபனி கிளம்பி, அந்த ஈரத்துல திராட்சையில பூஞ்சை ஏறுற கதை இங்க எல்லாருக்கும் தெரியும், விடுங்க. கண்ணுக்குள்ளயே நிக்கிறது அறுவடைக்கார அம்மா கையில இருந்த கத்தரி. ஒரே குலையில பொன் நிறப் பழம், ஊதாப் பழுப்பாத் திரும்பினது, சுருங்கிச் சாம்பல் பூத்தது, மூணும் இருக்கு. சுருங்கினதை மட்டும் நறுக்கி எடுத்துட்டு மத்ததை விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்படியே அஞ்சாறு நடை. ஒரு கொடிக்குக் கடைசியில ஒரு கிளாஸ் ஒயின்தான் தேறும்.

#2
சாம்பல் பூத்ததெல்லாம் நல்லதுன்னு எழுதாதீங்க. பழம் நல்லாப் பழுத்து, தோல் கிழியாம இருக்கும்போது பொட்ரிடிஸ்ங்கிற அந்தப் பூஞ்சை ஏறணும், மதியம் வெயில் காயணும், அப்பதான் தண்ணி வத்தும். மழை விடாமப் பிடிச்சா அதே பூஞ்சை குலையை அழுக வெச்சிடும். மோந்து பார்த்து, காடி வாடை அடிச்சா வெட்டித் தரையில போட்டுடணும். 1972, 1974, 1992, 2012 நாலு வருஷமும் டிகெம் வெளிவராதது சும்மா இல்ல.

#3
யாரும் பிழியறதைச் சொல்லலையே. முதல் சாறுதான் உசத்தின்னு நினைப்போம். இங்க கடைசிப் பிழிவுலதான் சர்க்கரை அதிகம், ஏன்னா வத்தின பழம் லேசுல சாறு விடாது. எல்லாத்தையும் கலந்து சர்க்கரையை லிட்டருக்கு 340 கிராம் பக்கம் நிறுத்தணும். 14 சதவீத ஆல்கஹால் வந்ததும் ஈஸ்ட் தளர்ந்துடும், 110 கிராம் சொச்சம் இனிப்பு நிக்கும். சர்க்கரை ரொம்ப ஏறிட்டா நொதிப்பு முன்னாடியே படுத்துடும், மிஞ்சறது வெறும் பாகு.

#4
ஒரு விருந்துல டிகெமை ஐஸ் வாளியில முக்கி எடுத்து ஊத்தினாங்க, வாசனையே இல்ல. அவ்வளவுதான் என் கதை. இனிமே திறக்கறவங்க 10, 12 டிகிரியில வைங்க. சின்ன கிளாஸ், பாதிக்கும் கீழ. கேக்கோட வேண்டாம், இனிப்பு மேல இனிப்பு விழுந்தா ஒயின் தட்டையாயிடும். ரோக்ஃபோர் மாதிரி உப்புச் சீஸ் வைங்க. மிச்சத்தைத் தக்கையால மூடி ஃபிரிட்ஜ்ல வெச்சா ஒரு வாரம் தாங்கும். 1784 வருஷத்து டிகெமை, பின்னாடி அமெரிக்க அதிபரான ஜெபர்சன் 250 பாட்டில் ஆர்டர் பண்ணினார், அவர்கிட்ட ஃபிரிட்ஜ் இருந்துச்சான்னு கேக்காதீங்க.

#5
#2 சொன்னது சரி, ஆனா வெயில் மட்டும் போதாது. டிகெம் தோட்டத்துல அடியில களிமண், தண்ணி தேங்கும். 19-ம் நூற்றாண்டுல புதைச்ச வடிகால் குழாய் மட்டும் சுமார் 100 கிலோமீட்டர்.