பொருள்: ஹோலோகாஸ்ட் நினைவுக்குறிப்பு – வகுப்புக்குக் கலைச்சொற்கள் வேண்டும்

ச.மே., பாளையங்கோட்டை (புதன் காலை)

அனைவருக்கும் வணக்கம்.

இளங்கலை முதலாண்டு மாணவர்களோடு எலீ வீசலின் 'இரவு' நினைவுக்குறிப்பிலிருந்து சில பகுதிகள் படித்துக்கொண்டிருக்கிறோம். 1944 மே மாதம், பதினைந்து வயதில், சிகெட் என்ற ஊரிலிருந்து குடும்பத்தோடு நாஜிகளின் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ரயிலேற்றப்பட்டவர் அவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நாஜி ஜெர்மனி ஐரோப்பிய யூதர்களைக் கொன்று குவித்ததைத்தான் ஹோலோகாஸ்ட் என்கிறோம். படிப்பது ஆங்கிலத்தில்தான். ஆனால் பாதிப் பேர் தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் என்பதால் கூடவே ஒரு சொற்பட்டியல் தருவேன்.

என் சிரமம் அருஞ்சொற்களில் இல்லை. தெரியாத சொல் வந்தால் பிள்ளைகள் நின்று கேட்கிறார்கள். 'செலக்‌ஷன்', 'கேம்ப்', 'டிரான்ஸ்போர்ட்', 'பிளாக்' எல்லாம் தெரிந்த சொற்கள், அதனால் நிற்காமல் போய்விடுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி, 'செலக்‌ஷன்' வரும் பத்தியைப் படித்துவிட்டு, 'வேலைக்கு ஆள் எடுத்தார்கள்' என்று சுருக்கம் எழுதியிருந்தாள். இடப்பக்கம் அனுப்பப்பட்டவர்களுக்கும் வலப்பக்கம் அனுப்பப்பட்டவர்களுக்கும் என்ன ஆனது, ஒரு பக்கம் வேலைக்கு, மறுபக்கம் நச்சுவாயு அறைக்கு என்று அந்தச் சொல் அவளுக்குச் சொல்லவே இல்லை.

கெட்டோ, டிபோர்ட்டேஷன், கான்சென்ட்ரேஷன் கேம்ப், செலக்‌ஷன், ரோல்கால், காப்போ (மற்றக் கைதிகளை வேலைவாங்க வைக்கப்பட்ட கைதி), கிரிமடோரியம். இவற்றுக்கு நல்ல தமிழ் வேண்டும். சனிக்கிழமை மாலை நகலெடுக்கக் கொடுக்கிறேன், திங்கள் வகுப்பு.

ச.மே.

கு.அ., மதுரை (புதன் இரவு)

அன்புள்ள ச.மே. அம்மா,

நல்ல வேலை எடுத்திருக்கிறீர்கள். முதலில் தலைப்பைப் பார்ப்போம். ஹோலோகாஸ்ட் கிரேக்கத்திலிருந்து வந்தது. முழுதாக எரிக்கப்பட்ட பலி என்று பொருள். கொல்லப்பட்டவர்களைப் படையலாக்கிவிடுகிறது என்று யூதர்களிலேயே பலர் அச்சொல்லை ஏற்பதில்லை. எபிரேயத்தில் 'ஷோவா' என்கிறார்கள். அதற்கு நம்மிடம் 'ஊழி' இருக்கிறது. யூத ஊழி எனலாம்.

அடுத்து கெட்டோ. 1516-இல் வெனிஸ் நகரம் யூதர்களை ஒரு தீவில் ஒதுக்கி, இரவில் வாயிலைப் பூட்டியது. அங்கே முன்பு இருந்த உலோக வார்ப்பாலையின் பெயரிலிருந்து இச்சொல் வந்தது என்பது பலர் கொள்ளும் கருத்து. தமிழில் 'சேரி' இதற்கு மிகப் பொருந்தும். சேரி இழிசொல்லாகப் பிறந்ததல்ல. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி எல்லாம் ஒரே வரிசையில் வருகின்றன. ஒரு தொழிலார், ஒரு குடியார் சேர்ந்திருந்த இடம், அவ்வளவே.

வேரையும் பாருங்கள். செறு என்றால் தடு. வரப்பால் தடுக்கப்பட்ட வயலும் செறு. செறி, சிறை, சேர் எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் நெடுநாள் கருத்து. அடைக்கப்பட்ட சேரி என்பதால் 'அடைசேரி' என்று வினைத்தொகையாகச் சொன்னால் மூன்று காலத்துக்கும் பொருந்தும். கான்சென்ட்ரேஷன் கேம்ப் அதே வேரில் 'செறிமுகாம்' ஆகலாம்.

கு.அ.

ரா.சு., சென்னை (வியாழன்)

ஐயா, வணக்கம். செறிவு என்றதும் பிள்ளைகளுக்கு வேதியியல்தான் நினைவுக்கு வரும். அமிலச் செறிவு, கரைசலின் செறிவு. செறிமுகாம் என்று படித்தால் யாருக்கும் எதுவும் தோன்றாது. பத்திரிகைகள் ஐம்பது வருடமாக 'வதைமுகாம்' என்று எழுதிப் பழக்கிவிட்டன. அதையே வைக்கலாமே? ஹோலோகாஸ்டுக்கு 'யூத இனப்படுகொலை'. கெட்டோவைக் கெட்டோ என்றே விடலாம், அது ஒரு வரலாற்றுப் பெயர். திங்கள் வகுப்புக்குப் புது வேர் நட வேண்டியதில்லை.

ரா.சு.

ச.மே. (வியாழன்)

இருவருக்கும் நன்றி. ரா.சு., வதைமுகாமில் எனக்கு ஒரு நெருடல் உண்டு. தாஹாவ் 1933 மார்ச்சில் திறக்கப்பட்டது. அரசியல் எதிரிகளை அடைத்து, அடித்து, பட்டினி போட்டு வேலை வாங்கிய இடம். அதை வதைமுகாம் என்றால் சரி. ட்ரெப்ளிங்கா அப்படியல்ல. அங்கே வந்திறங்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் சில மணி நேரத்திலேயே நச்சுவாயு அறைக்குள் கொல்லப்பட்டார்கள். 1942 ஜூலையிலிருந்து சுமார் ஒன்றேகால் ஆண்டுக்குள் எட்டு ஒன்பது லட்சம் பேர். தங்கவைக்கும் எண்ணமே இல்லாத இடத்தை முகாம் என்பதே பிழையான படத்தைத் தருகிறது. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் இந்த வித்தியாசத்தை நான் எப்படிக் கற்பிப்பது?

சேரி பற்றி, ஐயா, நீங்கள் சொல்லும் கல்வெட்டுப் பொருளை மதிக்கிறேன். ஆனால் என் வகுப்பில் சேரியிலிருந்து வரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பட்டியலில் அந்தச் சொல்லைப் பார்த்தால் மற்றவர்கள் அவர்களைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். அதை நான் செய்ய மாட்டேன்.

ச.மே.

ந.யோ., யாழ்ப்பாணம் (வியாழன் இரவு)

வணக்கம். நான் கொஞ்சம் வேறு பக்கத்தாலே வருகிறேன்.

கு.அ. ஐயா, ஊழி வேண்டாம். ஊழி தானாக வரும். கடல் பொங்கும், தீ மூளும், செய்தவன் என்று ஒருவன் இராது. இங்கே செய்தவர்கள் இருந்தார்கள். ரயில் அட்டவணை போட்டவர்கள் இருந்தார்கள். அதே காரணத்தால் 'பேரழிவு' என்பதையும் நான் ஏற்க மாட்டேன். அழிவு தன்வினை, அழிப்பு பிறவினை. அழிந்தார்கள் அல்ல, அழித்தார்கள். ஆகவே 'யூதப் பேரழிப்பு'.

டிபோர்ட்டேஷனுக்கும் இந்தக் கணக்கே. இடப்பெயர்வு என்பது எங்கள் வாழ்க்கையோடு ஒட்டிய சொல். ஷெல் விழுந்தது, மூட்டையைக் கட்டினோம், இடம்பெயர்ந்தோம். ஹங்கேரியிலிருந்து 1944 மே நடுவிலிருந்து ஜூலை தொடக்கம் வரை, இரண்டு மாதத்துக்கும் குறைவான காலத்தில், நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பெட்டிகளில் அடைத்து அனுப்பப்பட்டார்கள். அவர்கள் பெயரவில்லை, பெயர்க்கப்பட்டார்கள். 'இடப்பெயர்ப்பு' என்று எழுதுங்கள். மொழிபெயர்ப்பிலே இருக்கிற அதே பெயர்ப்புத்தான், புதிதாகக் கற்க ஒன்றும் இல்லை. நாடுகடத்தல் சட்டச் சொல். கடத்தல் என்றால் தங்கக் கடத்தலும் நினைவுக்கு வரும்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு, அதுதான் எனக்கு முக்கியம். கொன்றவர்களின் தாள்களில் உள்ள சொற்களை இப்படித் திருத்தக் கூடாது. 1942 ஜூலை 22-இல் வார்சா கெட்டோவில் ஒட்டிய அறிவித்தலில் கொலை என்ற சொல் இல்லை. கிழக்கே மீள்குடியேற்றம் என்று இருந்தது. பிறகு, தாமாக வருகிறவர்களுக்கு 3 கிலோ ரொட்டியும் 1 கிலோ ஜாமும் தருவதாக அறிவித்தார்கள். பசியில் கிடந்தவர்கள் அதை நம்பியும் போனார்கள். இரண்டு மாதத்துக்குள் ட்ரெப்ளிங்காவுக்கு அனுப்பப்பட்டவர்கள் மொத்தம் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அந்த அறிவித்தலைத் தமிழாக்கும்போது 'மீள்குடியேற்றம்' என்றே வர வேண்டும், கந்தோர்த் தமிழில் (அலுவலகத் தமிழில்), சுத்தமாக. 2009-இல் முட்கம்பிக்குள் இருந்த எங்கள் சனத்தின் இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நலன்புரி நிலையம். இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. அரச தாளில் ஒரு சொல் எப்படி எழுதப்படும் என்பது எங்களுக்குத் தெரியும், அவ்வளவே.

ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் முதலில் கேட்க வேண்டியது, இது யார் வாயில் வருகிறது என்று. அவன் சொன்னால் மறைக்கட்டும். நாங்கள் சொன்னால் செய்தவனைக் காட்டட்டும்.

செலக்‌ஷனை 'தேர்வு' என்று போட்டால் உங்கள் பிள்ளைகள் பரீட்சை என்று நினைப்பார்கள். நாங்கள் 'தெரிவு' என்போம். அதையே வையுங்கள்.

ந.யோ.

வீ.லெ., ஈப்போ (வெள்ளி)

வணக்கம். ரோல்காலுக்கு எங்கள் தோட்டப்புறத்தில் ஒரு சொல் உண்டு, 'பெரட்டு'. விடிவதற்கு முன்னே எல்லாரும் வரிசையில் நிற்க வேண்டும், கிராணி (தோட்டக் கணக்கர்) பெயர் கூப்பிடுவார். இலங்கை மலையகத்தில் அந்த இடத்துக்குப் பெரட்டுக்களம் என்றே பெயர். வருகைப்பதிவு என்றால் பள்ளிக்கூடம்தான் தெரியும். பெரட்டு என்றால் குளிரில் நின்ற கால் தெரியும்.

காப்போவுக்கும் 'கங்காணி' இருக்கிறதே. தன் ஆட்களையே அடித்து வேலை வாங்கத் தன் ஆட்களில் ஒருவன்.

வீ.லெ.

கு.அ., மதுரை (வெள்ளி)

வீ.லெ. அவர்களின் 'பெரட்டு' அருமை. 'பரேடு' என்ற ஆங்கிலச் சொல் திரிந்தது என்பார்கள். புரட்டு, பிரட்டு என்ற நம் வினையையும் ஒதுக்கிவிட முடியாது. படுத்திருப்பவரைப் பிரட்டி எழுப்புவது என்று கொண்டால் விடியற்காலை அழைப்புக்கு எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள். கண்காணி சோழர் கல்வெட்டிலேயே உண்டு. மாகேசுவரக் கண்காணி என்று கோயில் தோறும் காணலாம்.

பேரழிப்பு எனக்கும் உடன்பாடே. தன்வினை, பிறவினைப் பிரிப்பு மிகச் சரி. அதே முறையில் கான்சென்ட்ரேஷன் கேம்ப் 'குவிப்பு முகாம்' ஆகட்டும், ட்ரெப்ளிங்கா போன்றவை 'அழிப்பு முகாம்' ஆகட்டும். அடைசேரியை மட்டும் நான் விடவில்லை.

கு.அ.

ரா.சு., சென்னை (வெள்ளி)

பெரட்டு 'பரேடு'தான் ஐயா. தோட்டத்துக்கு வெளியே இந்தச் சொல் இல்லை, இதற்கு மேல் வேர் தேட இடமில்லை. திருநெல்வேலிப் பிள்ளைகளுக்கு அது கெட்டோவைவிடப் புதிய சொல். 'தலைக்கணக்கு' என்றால் யாருக்கும் புரியும். பொருளும் சரியாக வருகிறது. அங்கே அழைத்தது பெயரை அல்ல, எண்ணியது தலையை. இரவில் இறந்தவர்களின் உடலையும் வரிசையில் கிடத்தி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். 1940 ஜூலையில் ஒருவர் தப்பியதற்காக ஆஷ்விட்சில் மற்ற எல்லாரும் பதினெட்டு மணி நேரத்துக்கும் மேல் நிற்கவைக்கப்பட்டார்கள்.

கங்காணியை ஏற்க முடியவில்லை. கங்காணிக்குக் கூலிக் கழிவு உண்டு, ஊருக்குப் போய் ஆள் சேர்த்து வரலாம், சொத்து சேர்க்கலாம். காப்போ தானும் கைதி. கூடுதல் கஞ்சியும் தனிப்படுக்கையும் கிடைத்தது; பதவி பறிபோனால் அன்றிரவே அடிபட்டவர்கள் நடுவில் போய்ப் படுக்க வேண்டும். கங்காணி என்று போட்டால் காப்போ மேல் வரும் வெறுப்பு மட்டும் மிஞ்சும், அவரை அந்த இடத்தில் நிறுத்தியவன் கண்ணில் படமாட்டான். ந.யோ. சொன்ன அளவுகோலால்தான் சொல்கிறேன். 'கைதி மேலாள்' என்று வையுங்கள்.

கிரிமடோரியத்துக்குத் தகனமேடை, மயானம் எல்லாம் வேண்டாம். அவை நாம் கொள்ளி வைத்து, சாம்பல் எடுத்துக் கரைக்கிற இடங்கள். 'எரியுலை' போதும்.

ரா.சு.

ஹ.மு., காயல்பட்டினம் (வெள்ளி இரவு)

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம்.

பட்டியலில் இல்லாத ஒரு சொல்லைச் சொல்லத்தான் எழுதுகிறேன். இத்தகைய நினைவுக்குறிப்புகளை மேலும் படிக்கிற பிள்ளைகள் அதைக் கட்டாயம் சந்திப்பார்கள். பட்டினியில் எலும்பாகி, சாப்பாட்டுக்குக்கூடக் கை நீட்டாத நிலைக்கு வந்துவிட்ட கைதியை ஆஷ்விட்சில் மற்றக் கைதிகள் 'முசல்மான்' என்றார்கள். ஜெர்மனில் அதற்கு நேர்ப்பொருள் முஸ்லிம். ஏன் அப்படி என்பதற்கு விளக்கங்கள் பல. தரையில் குனிந்து சுருண்டு கிடந்தது தொழுகையைப் போல் தெரிந்ததால் என்பது அவற்றில் ஒன்று.

மொழிபெயர்ப்பாளர்கள் எங்கள் மனம் நோகும் என்று இதை 'நடைப்பிணம்' என்று மாற்றிவிடக்கூடும். அப்படிச் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நடைப்பிணம் தமிழில் ஏச்சு. 'ஒத்த தறிவான் உயிர்வாழ்வான் மற்றையான் செத்தாருள் வைக்கப் படும்' என்று வள்ளுவர் சொல்வதும் தன் கடமை அறியாதவனைப் பற்றி. இவர்கள் எந்தக் கடமையிலும் தவறவில்லை. அவர்களுக்கு உணவு தரப்படவில்லை. முசல்மான் என்றே இருக்கட்டும், இது கைதிகளின் கொச்சை வழக்கு, எங்கள் மார்க்கத்தைப் பற்றிய சொல் அல்ல என்று கீழே ஒரு வரி போடுங்கள். வகுப்பில் இருக்கும் முஸ்லிம் பிள்ளைகளுக்கு அதை ஆசிரியரே முதலில் சொல்லிவிட்டால் போதும், அவர்களே புரிந்துகொள்வார்கள்.

ஹ.மு.

ச.மே. (சனி மதியம்)

ஹ.மு. அவர்களுக்கு முதல் நன்றி. சொல்லை அப்படியே சேர்த்து, குறிப்பையும் எழுதிவிட்டேன்.

இப்போது பட்டியல் இப்படி நிற்கிறது. யூதப் பேரழிப்பு, இடப்பெயர்ப்பு, தெரிவு, தலைக்கணக்கு, எரியுலை. இவற்றில் பெரும்பான்மை ஒத்துப்போகிறது. கைதி மேலாள் என்று எழுதி, பக்கத்தில் காப்போ என்றும் போடுகிறேன். முகாம்களில் ட்ரெப்ளிங்கா போன்றவற்றுக்கு அழிப்பு முகாம் சரி. மற்றவற்றுக்கு ஐயாவின் குவிப்பு முகாமைவிட வதைமுகாமே இருக்கட்டும். ஆஷ்விட்ஸ் இரண்டுமாக இருந்தது என்பதை வகுப்பில் சொல்லிக்கொள்கிறேன்.

ந.யோ. சொன்னபடி பட்டியலை இரண்டு பத்தியாகப் பிரித்துவிட்டேன். ஒன்று நினைவுக்குறிப்பு எழுதியவரின் சொற்கள். மற்றது அதிகாரத் தாள்களின் சொற்கள்: மீள்குடியேற்றம், வெளியேற்றம், இறுதித் தீர்வு. ஒரு சொல் மட்டும் உறுத்துகிறது. கொலையைக் குறிக்க அவர்கள் எழுதிய சொல்லின் நேர்ப்பொருள் 'தனிக்கவனிப்பு'. தமிழில் 'ஸ்டேஷன்ல நல்லா கவனிச்சு அனுப்பினாங்க' என்றால் அடித்தார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மறைக்க வேண்டிய சொல் தமிழில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அதனால் இப்போதைக்கு 'சிறப்பு நடவடிக்கை'.

கெட்டோவைக் கெட்டோ என்றே விடுகிறேன்.

ச.மே.

ந.யோ. (சனி மாலை)

நல்லது. ஒன்று மட்டும்: தெரிவு தாள் சொற்களின் பத்தியிலே போக வேண்டும், நினைவுக்குறிப்பின் பத்தியில் அல்ல. அது அவர்கள் வைத்த பெயர். கைதிகள் வேறு வழியில்லாமல் அதையே பாவித்தார்கள்.

ந.யோ.

கு.அ., மதுரை (சனி இரவு)

பட்டியல் அச்சுக்குப் போயிருக்கும், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கெட்டோ விஷயத்தில் என் மறுப்பைப் பதிவு செய்கிறேன். வார்சாவில் மூன்றரைச் சதுர கிலோமீட்டருக்குள் மூன்று மீட்டர் உயர மதில் எழுப்பி நாலு லட்சம் பேரை அடைத்ததை ஒரு பிறமொழிப் பெயரால் சொன்னால், அது எங்கோ நடந்த ஒன்றாகவே பிள்ளைகளுக்கு இருக்கும். ச.மே. அம்மா சொன்ன காரணத்தால் சேரி கூடாது என்பதை மதிக்கிறேன். அப்படியானால் 'அடைப்பு' என்ற பிறவினைப் பெயரே இருக்கிறது. 'யூத அடைப்பு', 'வார்சா அடைப்பு'. அடுத்த பருவத்துக்கு முன் இதைப் பற்றி மற்றவர்களும் எழுத வேண்டும்.

கு.அ.

ரா.சு., சென்னை (ஞாயிறு)

ஐயா, அடைப்பு என்றால் சாக்கடை அடைப்பு, மாரடைப்பு. எனக்குச் சரியாகப் படவில்லை. கெட்டோவே இருக்கட்டும்.

ரா.சு.